டர்போ வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் தாங்குமா?



கொஞ்சம் நீளமான பதிவு. பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள். வண்டி இல்லாதவர்கள், தெரிந்த டிரைவர் யாருக்காவது அனுப்பி வையுங்கள்.

திருவரங்குளம், ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் என்று நம் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும். "டர்போ வண்டியா? ரெண்டு லட்சத்தோட சரி. அதுக்கு மேல இன்ஜின் வேலை வச்சுரும்." அதே கடையில் பழைய வண்டி விற்பவர் சொல்வார், "அஞ்சு லட்சம் அசால்ட்டா ஓடும், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க." இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை என்பது என் கருத்து. மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஒரு டர்போ இன்ஜினின் ஆயுளைச் சொல்ல முடியாது. அது என்ன ஆயிலில் ஓடியது, எப்படிப்பட்ட காற்றை இழுத்தது, எத்தனை தடவை சூட்டோடு சூடாக அணைக்கப்பட்டது, இந்த மூன்றும் தெரிந்தால்தான் சொல்லலாம். அவை தெரிய வேண்டுமென்றால் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்காத வண்டிக்கு நகையை அடகு வைத்துப் பணம் போடாதீர்கள். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

"வாத்தியாருக்கு டர்போவில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் மெக்கானிக் கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்து, தொடக்கப் பள்ளியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் தம்பி பத்து வருடத்துக்கு மேலாக ஒரு பிக்கப் ஓட்டுகிறான். பூ, வாழைத்தார், தேங்காய், கல்யாணச் சாமான் என்று எது வந்தாலும் ஏற்றுவான். வண்டிக் கணக்கு எழுதுவது நான். டீசல் எத்தனை லிட்டர், எந்தத் தேதியில் ஆயில் மாற்றியது, எந்த பில்டர் போட்டது, பில் எவ்வளவு, எல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கிறது. இன்றைய தேதியில் வண்டி 3,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனியில் வந்த டர்போதான் இன்னும் இருக்கிறது. கிளட்ச் பிளேட் இரண்டு தடவை, இன்ஜெக்டர் ஒரு தடவை, வாட்டர் பம்ப் ஒரு தடவை மாற்றியிருக்கிறோம். இன்ஜினை இதுவரை இறக்கவில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால்தான் எங்கள் வண்டிப் பெருமையைக் குறைத்துக்கொண்டு காரணங்களை அதிகமாக எழுதுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். பையன் என்றால் இப்போது முப்பது வயதைத் தாண்டியவன், இரண்டு குழந்தைகள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் அவன் குடும்பத்துத் தென்னை எல்லாம் சாய்ந்துபோனது. அதற்குப் பிறகு அடுத்தவர் வண்டியைக் கூலிக்கு ஓட்டிப் பிழைத்து வருகிறான். இப்போது சொந்தமாக ஒரு பழைய பிக்கப் பார்த்திருக்கிறான். மீட்டரில் 1,85,000. அம்மாவின் நகையை வைத்து முன்பணம், மீதிக்கு பைனான்ஸ்.

"வாங்கலாமா சார்?" என்றான்.

"ஆயில் மாத்துன பில்லு ஏதாச்சும் காட்டுனாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"பில்லெல்லாம் இல்லை சார். ஆனா வண்டி சூப்பரா இருக்கு. பெயின்ட், சீட்டு எல்லாம் புதுசு."

நம் பக்கத்தில் இப்படித்தான் வண்டி வாங்குகிறோம். பெயின்ட்டைப் பார்க்கிறோம், டயரைப் பார்க்கிறோம், மீட்டரைப் பார்க்கிறோம். மாதா மாதம் டியூ கட்ட வேண்டிய வண்டி இருபது நாள் பட்டறையில் நின்றால் வாடகை வராது, டியூ நிற்காது, பட்டறைப் பில் தனியாக வரும். அந்த வீட்டில் டர்போ போனால் கூடவே நகையும் போகும். ஆகவே இது வெறும் மெக்கானிக் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் டர்போ என்றால் என்ன என்று பார்ப்போம். இன்ஜினில் எரிந்து வெளியே போகும் புகைக்கு ஒரு வேகமும் சூடும் உண்டு. அது சும்மா சைலன்சர் வழியாகப் போவதற்கு முன் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும்படி செய்கிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் டீசலும் அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜினில் பெரிய இழுவை கிடைக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ப்யூகி இதற்கு 1905-லேயே காப்புரிமை பெற்றார். ஆகவே இது நேற்று வந்த புதுச் சரக்கு இல்லை.

இதனால் என்ன லாபம் என்பதற்கு நம் தெருவிலேயே உதாரணம் உண்டு. 2005-ல் வந்த டாடா ஏஸை நாம் குட்டி யானை என்கிறோம். முதலில் வந்த குட்டி யானைக்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி., டர்போ கிடையாது. சக்தி 16 குதிரைத்திறன். 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மூன்று சிலிண்டர், சுமார் ஒன்றரை லிட்டர், டர்போவும் காமன் ரெயிலும் உண்டு. சக்தி சுமார் 55 குதிரைத்திறன். இன்ஜின் அளவு இரண்டு மடங்குதான் கூடியது, சக்தி மூன்று மடங்குக்கு மேல் கூடியது. பொலிரோ பிக்கப், யோதா, இன்ட்ரா டீசல் என்று நம் சாலையில் ஓடும் மற்ற வண்டிகளும் இந்த வழியில்தான் இழுவையைப் பெறுகின்றன.

ஆனால் இலவசமாக எதுவும் வருவதில்லை. வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு முந்நூற்றைம்பது சுற்று அளவில் சுற்றும். லோடோடு போகும் பிக்கப்பில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு பக்கம் பல நூறு டிகிரி சூட்டில் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் இருக்கும் தண்டு பெரும்பாலான வண்டிகளில் பால்ரஸ் மேல் உட்கார்ந்திருக்காது, ஆயில் மேல் மிதந்துகொண்டிருக்கும். முடியை விட மெல்லிய அந்த ஆயில் படலம் ஒரு நொடி அறுந்தால் இரும்பும் இரும்பும் உரசும். டர்போவின் ஆயுள் அந்தப் படலத்தின் ஆயுள்தான்.

"அப்படியானால் டர்போ சீக்கிரம்தானே போகும்?" என்றால், திருச்சி பொன்மலையை நினைத்துப் பாருங்கள். மீட்டர்கேஜ் காலத்தில் ஒய்.டி.எம்.-4 டீசல் இன்ஜின் இழுத்த ரயிலில் போனவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது குபுகுபு என்று கரும்புகை தள்ளும், பிறகு ஒரு விசில் சத்தம் எழும்பும், புகை தெளியும். அந்த விசில்தான் டர்போ. ஆறு சிலிண்டர் ஆல்கோ வகை இன்ஜின் அது. அந்த இன்ஜின்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன. ரயில்வே அவற்றைக் கிலோமீட்டர் பார்த்துக் கழித்துக் கட்டவில்லை. குறித்த நாளுக்குக் குறித்த வேலை என்று அட்டவணை போட்டுப் பார்த்தார்கள். டீசல் ஷெட்டில் பரிசோதனைக் கூடம் வைத்து, ஓடிய ஆயிலை எடுத்து, அதில் எந்த உலோகத் துகள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சோதித்தார்கள். செம்புத் துகள் கூடினால் எந்த பேரிங் தேய்கிறது என்று இன்ஜினைப் பிரிக்காமலேயே தெரிந்துகொள்ளலாம். எல்லாம் பதிவேட்டில் ஏறும். நம்மிடம் பரிசோதனைக் கூடம் இல்லை. நாற்பது ரூபாய் நோட்டும் ஒரு பேனாவும் இருக்கிறதே.

இனி கிலோமீட்டர் விஷயத்துக்கு வருவோம். இரண்டு வண்டிகள், இரண்டும் 2 லட்சம் கிலோமீட்டர். ஒன்று ராத்திரியில் பூ ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறது. சராசரி வேகம் 40 என்று வையுங்கள். 2,00,000-ஐ 40-ஆல் வகுத்தால் இன்ஜின் ஓடியது 5,000 மணி நேரம். இன்னொரு வண்டி செங்கல், ஜல்லி ஏற்றி ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிறது. சராசரி 20. இன்ஜின் ஓடியது 10,000 மணி நேரம். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும், ஆனால் இரண்டாவது இன்ஜினின் உழைப்பு இரட்டிப்பு. அதோடு ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த இன்ஜினை உறுமவிட்டுக் கிளப்பியது, செம்மண் புழுதி, மீறிய லோடு எல்லாம் சேரும். மீட்டரையே பின்னால் ஓட்டுகிற கைங்கரியம் வேறு நடக்கிறது. டிஜிட்டல் மீட்டர் என்றால் மாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள்.

சரி, டர்போவைக் கெடுப்பவை எவை? என் நோட்டையும், இத்தனை வருடம் பட்டறையில் மர ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆயில். "ஆயில் கறுத்துப்போச்சு, கெட்டுப்போச்சு" என்பார்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கறுக்கத்தான் செய்யும், கரியைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நிறத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கிலோமீட்டரையும் தேதியையும் வைத்துத் தீர்மானியுங்கள். எங்கள் வண்டிக்குப் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. புழுதியும் லோடும் உண்டு என்பதால் நாங்கள் 8,000-ல் மாற்றுகிறோம். ஒருவர் 10,000-க்குப் பதில் 15,000 வரை இழுத்தால் 2 லட்சத்துக்குள் 20 தடவை மாற்ற வேண்டியவர் 13 தடவைதான் மாற்றுவார். மிச்சம் ஏழு சர்வீஸ். அந்த ஏழு சர்வீஸ் பணத்தை ஒரு டர்போ ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விடும். குறைந்த அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றிக்கொண்டே போவது ஆயில் மாற்றியதாகக் கணக்கில் வராது. கடைக்காரர் கொடுத்ததை வாங்காமல், வண்டிப் புத்தகத்தில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

2. காற்று. ஒரு கிலோ டீசல் எரிய குறைந்தது பதினான்கரை கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் டீசலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 10,000 லிட்டர் காற்று. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 2 லட்சம் ஓடும்போது 16,000 லிட்டருக்கு மேல் டீசல் எரிக்கிறது. காற்று 16 கோடி லிட்டருக்கு மேல். உண்மையில் டீசல் இன்ஜின் இதை விடவும் அதிகமாக இழுக்கும். இவ்வளவு காற்றும் நம் செம்மண் ரோட்டில், முன்னால் போகும் டிராக்டரின் புழுதியோடு சேர்ந்து வருகிறது. தடுக்க இருப்பது ஒரு காகித பில்டர். அதைத் தட்டித் தட்டிப் போட்டு, காகிதம் கிழிந்த பிறகும் ஓட்டினால் மண் முதலில் டர்போவின் சக்கரத்தைத் தேய்க்கும், பிறகு லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். பில்டருக்குப் பிறகு வரும் ரப்பர் ஹோஸில் கீறல் இருந்தாலும் அதே கதிதான்.

3. சூட்டோடு அணைப்பது. நெடுஞ்சாலையில் லோடோடு விரட்டி வந்து, மார்க்கெட் வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்புகிறோம். இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நிற்கும். ஆனால் டர்போ தணல் மாதிரி சூடாக இருக்கிறது. உள்ளே தேங்கிய ஆயில் கருகி, பணியாரச் சட்டியில் பிடித்த கரி மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் ஆயில் வரும் வழியே அடைபடும். ஆகவே விரட்டி வந்த பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் மெதுவாக வந்திருந்தால் அதுவே போதும். டீ குடித்து முடிக்கும் வரை அரை மணி நேரம் ஓடவிடுவதும் நல்லதில்லை, கரிதான் சேரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள். ஆயில் டர்போ வரைக்கும் போய்ச் சேரட்டும்.

4. லோடு. ஒன்றரை டன் என்று எழுதிய வண்டியில் மூன்று டன் ஏற்றி, டாப் கியரில் முக்க முக்க ஓட்டினால் புகையின் சூடு கூடும். டர்போவின் சக்கரமும் வீடும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். பின்னால் கரும்புகை தள்ளுகிறது என்றால், டீசல் முழுதாக எரியவில்லை, உங்கள் காசு புகையாகப் போகிறது என்று பொருள். கியரை இறக்குங்கள்.

5. டீசலில் தண்ணீர். இது நேராக டர்போவைத் தொடாது, ஆனால் காமன் ரெயில் இன்ஜெக்டரைத் தொடும். ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் டீசலைப் பீய்ச்சும் சாமான் அது. கேனில் வாங்கி வைத்த டீசலும், தண்ணீர் வடிக்காத பில்டரும் அதற்கு எமன். இன்ஜெக்டர் ஒழுக ஆரம்பித்தால் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயிலில் டர்போ மிதக்குமா?

இந்த ஐந்தையும் பாருங்கள். டர்போ தானாகக் கெட்டது என்று எதுவும் இல்லை. தயாரிப்பிலேயே குறை உள்ள டர்போவும் இன்ஜெக்டரும் உண்டு, ஒழுங்காகப் பார்த்தும் போய்விட்ட வண்டிகளும் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பட்டறைக்கு வரும் பெரும்பாலான டர்போவின் கதை ஆயிலிலும் புழுதியிலும்தான் ஆரம்பிக்கிறது.

அதனால்தான் டர்போவை மட்டும் மாற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஆயில் போகும் சின்னக் குழாய் கரியால் அடைத்திருக்கிறதா, ஆயில் சம்ப்பில் துகள் கிடக்கிறதா, பழைய சக்கரத்தின் உடைந்த துண்டு இன்டர்கூலரில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் புதிது போட்டால் அதுவும் சீக்கிரமே போய்ச் சேரும். "ரெண்டாவது டர்போவும் போச்சு, கம்பெனியே சரியில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான். அதேபோல "வண்டி இழுக்கல" என்றதும் டர்போ மேல் பழி போடாதீர்கள். இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் கழன்றிருக்கலாம். அழுத்திய காற்று வழியிலேயே கசிந்தால் இழுவையும் குறையும், கரும்புகையும் வரும். சில நூறு ரூபாய் வேலையைப் பார்த்த பிறகு பெரிய வேலைக்குப் போங்கள்.

இன்னொரு யோசனையும் சொல்கிறார்கள், "டர்போவைக் கழற்றிப் போட்டுட்டு நேரா பைப்பு விட்டுருங்க." வேண்டாம். டர்போ தரும் காற்றை நம்பி வடிவமைத்த இன்ஜின் அது. காற்று குறைந்தால் இழுவை பாதியாகும், புகை கூடும், சூடு கூடும். புகைச் சான்றும் எஃப்.சி.யும் சிக்கலாகும்.

"பழைய டர்போ இல்லாத இன்ஜின் எவ்வளவு நல்லது சார், எந்த ஆயிலை ஊத்தினாலும் ஓடுமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மை. அந்த இன்ஜின்கள் பொறுமைசாலிகள். வகுப்பில் சில பிள்ளைகள் யார் பாடம் நடத்தினாலும், நடத்தாவிட்டாலும் ஒருமாதிரி தேறிவிடுவார்கள், அதுபோல. டர்போ இன்ஜின் கெட்டிக்காரப் பிள்ளை. கவனித்தால் முதல் மதிப்பெண், கவனிக்காவிட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆனால் அந்தப் பொறுமைசாலி வண்டியை வைத்து இன்று பூவை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா? கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனை ஐஸ் கரைவதற்குள் கொண்டுபோக முடியுமா? வேகமும் இழுவையும் வேண்டுமென்று வாங்கிவிட்டு, கவனிப்பு மட்டும் பழைய மாதிரியே இருக்கும் என்றால் நியாயமில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ள வண்டிகள் அவ்வப்போது கொஞ்ச தூரம் நிற்காமல் ஓடினால்தான் அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொண்டு டாஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கை மதியுங்கள். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், பழைய கிரேடு ஆகாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம், இந்த வண்டிகளில் கூடினாலும் ஆபத்து, டீசல் கலக்கிறது என்று அர்த்தம்.

இனி பழைய வண்டி வாங்கப் போகும் தம்பிகளுக்கு.

காலையில் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினைத்தான் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குப்குப் என்று புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. பிறகு இன்ஜினை அணைத்து, நம்பிக்கையான மெக்கானிக்கை வைத்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ, சக்கரம் சுவரில் உரசினாலோ டர்போ முடிந்தது. இன்டர்கூலர் பைப்பில் லேசான ஆயில் ஈரம் பரவாயில்லை, குளம் கட்டியிருந்தால் வேண்டாம். கடைசியாக லோடு ஏற்றி ஒரு மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். காலியாக ஓட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

டர்போவின் சீல் மோசமாகப் போனால் இன்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் கதறும் சம்பவங்களும் உண்டு. அப்போது கை வைக்கப் போகாதீர்கள். வண்டிக்குள் இருந்தால் பிரேக்கை அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டு முக்கவைத்து நிறுத்துவதுதான் வழி. முடியாவிட்டால் விலகி நில்லுங்கள். இன்ஜின் போகட்டும், ஆள் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் மேலே, பில்களைக் கேளுங்கள். இரண்டு லட்சம் ஓடி, வரிசையாக ஆயில் பில் இருக்கிற வண்டி, ஒரு பில்லும் இல்லாத ஒரு லட்ச வண்டியை விட மேல் என்பது என் முடிவு. முன்னால் சொன்ன மாணவனிடம் இந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். அவன் காலை ஆறு மணிக்குப் போனபோதே இன்ஜின் சூடாக இருந்ததாம். "இப்பதான் கடை வரைக்கும் போயிட்டு வந்தோம்" என்றார்களாம். மறுநாள் வருகிறேன் என்றதற்கு முகம் கொடுக்கவில்லையாம். அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிட்டான். நகை இன்னும் அம்மா கழுத்தில் இருக்கிறது. வேறு வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டும் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வருத்தப்படாதீர்கள். டர்போ போனதும் "டிரைவர் சரியில்லை" என்கிறீர்கள். சரி, நாலு மணிக்கு மார்க்கெட்டில் இருக்க வேண்டும் என்று போனில் விரட்டியது யார்? "ஐடில்ல விட்டா டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு" என்று கேட்டது யார்? ஆயிலுக்குப் பணம் கேட்டபோது "அடுத்த டிரிப்புக்குப் பார்த்துக்கலாம்" என்றது யார்? மூன்று டன் ஏற்றச் சொன்னது யார்? அந்த இரண்டு நிமிடத்தையும், அந்த ஆயில் பணத்தையும் டிரைவர் கேட்டு வாங்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது, நீங்களே கொடுக்க வேண்டும். டிரைவரின் சம்பளத்தில் டர்போ பணத்தைப் பிடிக்கும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிள்ளை தேறவில்லை என்றால் பிள்ளையை மட்டும் அடிக்கும் காலம் போய்விட்டது. பாடம் நடத்தினோமா, புத்தகம் வாங்கிக் கொடுத்தோமா என்றும் கேட்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. நம் மாவட்டத்தில் ஐ.டி.ஐ. இருக்கிறது. வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன, விவசாயிகளுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். பயிரைக் காக்கப் பயிற்சி இருப்பதுபோல, அந்த விளைச்சலைச் சுமக்கும் வண்டியைக் காக்கவும் டிரைவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வகுப்பு வைத்தால் என்ன? செலவு அதிகமில்லை. ஒரு பழைய டர்போவை அறுத்து மேஜையில் வைத்துக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நோட்டில் என்ன எழுதுவது என்று சிலர் கேட்பீர்கள். ஐந்து பத்தி போதும். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட சாமான் அல்லது ஆயில் கிரேடு, பில் தொகை. கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆயில் எந்தக் கிலோமீட்டரில் என்று பென்சிலால் எழுதுங்கள். பில்லைப் பக்கத்திலேயே பின் அடியுங்கள். டிரைவருக்கு எழுத நேரமில்லை என்றால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். கணக்கும் பழகும், அப்பா எவ்வளவு தூரம் ஓடி அரிசி வாங்குகிறார் என்பதும் தெரியும்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில்: தாங்கும். நோட்டு இருந்தால் நான் நம்புவேன்.

உங்கள் வண்டி எத்தனை கிலோமீட்டர், டர்போ மாற்றினீர்களா, மாற்றினால் என்ன காரணம் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். வண்டி கம்பெனியின் பெயரை விட ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். எல்லாருக்கும் பயன்படும்.

பார்த்துப் போய் வாருங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்,
திருவரங்குளம், புதுக்கோட்டை மாவட்டம்.